மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

அத்தியாயம் 14

திருச்சியில் மாநில அறிவியல் போட்டி மேடையில் ஜாஸ்மினின் பெயரை வாசித்தபோது மகளைவிட அப்பா யாக்கோபுதான் அதிகம் அழுதார் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்பெனி பஸ்ஸில், டீக்கடையில், சர்ச் வாசலில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் ஒரே பேச்சுதான். எம் பொண்ணு நாக்பூருக்குப் போறா.

டிசம்பர் இருபத்தாறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சாயங்காலம் ரயில். நாடு முழுவதும் இருந்து பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஆராய்ச்சியைக் கொண்டுவந்து வைக்கும் கண்காட்சி. வல்லம் வடகால் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிற பெண் அங்கே போய் நிற்பதென்றால் சின்ன விஷயமா?

அவள் செய்ததும் சின்ன விஷயம் இல்லை. ஜூன் மாதம் தொடங்கி அக்டோபர் வரை, ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சுக்குப் போவதற்கு முன்னால், ஊரில் உள்ள பதினோரு கிணறுகளுக்கும் நடந்து போய், போல்ட்டு கட்டிய கயிற்றை இறக்கி, விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து நோட்டில் எழுதினாள். இருபது ஞாயிறு. ஒன்றுகூட விடவில்லை.

ஒன்றுகூட விடவில்லை என்று நோட்டு சொல்கிறது. யாக்கோபுக்குத்தான் வேறு தெரியும்.

அன்று டிசம்பர் மாத இரண்டாம் சனிக்கிழமை. கூடத்தில் நாற்காலிகளை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு ஜாஸ்மின் பெரிய சார்ட்டை விரித்துப் போட்டிருந்தாள். பதினோரு கிணற்றுக்கும் பதினோரு கோடு. எட்டு நீலம், மூன்று சிவப்பு. அம்மா சந்திரம்மாள், மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் தென்காசிப் பெண்ணிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டரை மகளின் முதுகில் வைத்துப் பார்த்து, இதுக்குள்ள ரெண்டு ஜாஸ்மின் போலாம் என்று அலுத்துக்கொண்டாள்.

யாக்கோபு சார்ட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கீழே மூலையில் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தது. 'எனக்கு மஞ்சள் காமாலை வந்த மூன்று வாரங்களும் எனக்காகக் கிணறுகளை அளந்து தந்த என் அப்பாவுக்கு நன்றி.'

படித்தார். மறுபடியும் படித்தார்.

"எழுத்து நல்லாக்கீதாப்பா?" என்று கேட்டாள் ஜாஸ்மின்.

நல்லாயிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று உள்ளே போய்விட்டார்.

நடந்தது இதுதான். ஆடி மாதம் பிள்ளைக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று படப்பையில் சித்தி வீட்டில் வைத்து மருந்து கொடுத்தார்கள். கூட அம்மா. இங்கே யாக்கோபு தனியாள். அப்பா, நீ அளந்து வை, ஒரு வாரம்கூட விடக்கூடாதுன்னு டீச்சர் சொல்லிகீறாங்க என்று ஜுரத்திலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் சரி என்றுதான் சொன்னார். ஆனால் கம்பெனியில் ஆள் பற்றாக்குறை. மூன்று ஞாயிறும் காலை ஆறு மணிக்கு ஓ.டி. என்று கூடுதல் வேலை போட்டுவிட்டார்கள்.

யாக்கோபுக்குக் கம்ப்ரஸர் ரூமில் வேலை. மணிக்கு ஒருமுறை பிரஷரையும் சூட்டையும் பார்த்து ஷீட்டில் எழுத வேண்டும். வேலை நெருக்கடியில் சில மணி நேரங்கள் விட்டுப்போகும். ஆடிட்டுக்கு முதல் நாள் சூப்பர்வைசர் பலராமன் வந்து, கட்டம் எதுவும் காலியாக இருக்கக்கூடாது என்பார். யாக்கோபு உட்கார்ந்து நிரப்புவார். முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்த்து நடுவில் பொருத்தமாக ஒன்றைப் போடுவார். ஒரே பேனாவில் எழுதினால் ஒரே மூச்சில் எழுதியது தெரிந்துவிடும் என்று மூன்று பேனா வைத்திருப்பார். ஒரு இடத்தில் ஈர விரலால் லேசாகத் தேய்த்தும் விடுவார். பதினோரு வருடத்தில் ஒரு ஆடிட்டரும் அவர் ஷீட்டில் கை வைத்ததில்லை. பலராமன் அதை நாலு பேர் முன்னால் சொல்லிப் பாராட்டவும் செய்திருக்கிறார்.

மகள் நோட்டில் மூன்று வரி காலியாக இருந்ததைப் பார்த்தபோதும் அவருக்கு அதுதான் தோன்றியது. பிள்ளை எழுந்து வருவதற்குள் கட்டத்தை நிரப்பி வைக்க வேண்டும். வைத்தார். மூன்று பேனாவில். நடுவில் ஒரு வியாழக்கிழமை நல்ல மழை பெய்திருந்ததால் கடைசி ஞாயிற்றுக்கு எட்டுக் கிணற்றில் தண்ணீரை ஒன்றரை அடி ஏற்றினார். கம்பெனிகளின் காம்பவுண்டு சுவரை ஒட்டிய மூன்றில் மட்டும் ஏற்றவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆழ்துளை போட்டு உறிஞ்சுகிறார்கள், இந்தப் பக்கம் எங்கே ஏறும் என்று டீக்கடையில் ஊரே பேசும் பேச்சுதான்.

அது பொய் என்றே அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை. பிள்ளைக்குச் செய்த ஒத்தாசை என்று நினைத்தார். படப்பைக்குப் போய், அளந்து எழுதிட்டேம்மா என்று சொன்னபோது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை அவருக்கு எவ்வளவு இனித்தது என்பதை இப்போது நினைத்தால் கூசியது.

ஏனென்றால் திருச்சியில் நடுவர்கள் பாராட்டி விரலை வைத்தது அந்த இடத்தில்தான். புரட்டாசி மழையில் ஊரே நிரம்பிவிட்டது, எல்லாக் கிணறும் ஒன்றுபோல ஏறிவிட்டது. ஆடி மழைக்கு ஏறாத மூன்று சிவப்புக் கோடுகள்தான் ஆராய்ச்சியின் உயிர். அந்த உயிர் இருந்தது யாக்கோபுவின் மூன்று பேனாவில்.

பதினோரு மணிக்கு ஷேர் ஆட்டோவில் செங்கமலம் டீச்சர் வந்து இறங்கினார். அறிவியல் டீச்சர். ஊர் ஊராகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைகிற ரகம். இரவல் கேமராவைத் தோளில் மாட்டியிருந்தார். சிவப்புக் கோட்டுக் கிணறுகள் மூன்றையும் படம் எடுத்துச் சார்ட்டில் ஒட்ட வேண்டும், திங்கட்கிழமை முழு அறிக்கையும் கிளம்ப வேண்டும் என்று பரபரத்தார். காபியைக்கூட நின்றபடியே குடித்துவிட்டு நோட்டோடு ஜாஸ்மினையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

யாக்கோபுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கட்டுகிறேன் என்று ஏணியில் ஏறி, பல்பைக் கழற்றி, மறுபடியும் மாட்டி, இறங்கி, மறுபடியும் ஏறினார். அந்த ஸ்டார் நேராகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முக்கால் மணி நேரத்தில் இருவரும் திரும்பினார்கள். டீச்சர் முகத்தில் காலையில் இருந்த பரபரப்பு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக விஷயத்தைச் சொன்னார்.

ஒன்பதாம் நம்பர் கிணறு பாப்பம்மாளுடையது. சுவரை ஒட்டிய மூன்றில் ஒன்று. மழைக்கு ஏறாத கிணறு, அதான் போட்டோ எடுக்கிறோம் என்று சொன்னதும் அந்த அம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் கிணற்றில் ஏறவில்லை என்று யார் சொன்னது என்று கேட்டிருக்கிறாள். கோயிலில் கூழ் ஊற்றியதற்கு முந்தின ஞாயிறுதான் கிணற்றைத் தூர் வாரினார்களாம். அந்த வாரமே மழை பெய்து, ஊற்றுக்கண் திறந்து, பாதிக் கிணறு தண்ணீர் நின்றதாம்.

டீச்சர் நோட்டைப் பிரித்து, ஆகஸ்ட் ஏழாம் தேதி வரியில் விரலை வைத்தார். ஒன்பதாம் கிணறு, இருபத்து மூன்று அடி நான்கு அங்குலம்.

"அன்னைக்கு மோட்டார் விட்டுத் தண்ணியை எல்லாம் இறைச்சாச்சு. மூணு ஆள் உள்ள இறங்கிச் சேறு அள்ளிக்கிட்டு இருந்தாங்களாம். நீங்க கயிறு விட்டப்போ ஆளுங்க இருந்தாங்களா சார்?"

யாக்கோபு வாயைத் திறப்பதற்குள் ஜாஸ்மின் முந்திக்கொண்டாள்.

"எங்கப்பா தப்பா அளக்க மாட்டாரு டீச்சர். டெய்லி ரீடிங் எடுக்கறதே அவரு வேலை. பாப்பம்மா அத்தைக்குத் தேதி மறந்து பூட்டிருக்கும். கோயில் நோட்டீஸ்ல கூழ் ஊத்துன தேதி போட்டிருப்பாங்க, நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

சொன்ன வேகத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அப்பா சரி என்று நிரூபிக்கத்தான் அப்படி ஓடினாள். யாக்கோபு அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சமையலறையிலிருந்து சந்திரம்மாள் கூப்பிட்டாள். குரலில் ஒரு மாதிரி இருந்தது. போனார். அவள் அரிவாள்மணையை ஓரமாக வைத்துவிட்டு, வெளியே கேட்காதபடி கேட்டாள்.

"அந்த மூணு ஞாயிறும் நீ யூனிஃபார்மோடதானே படப்பைக்கு வந்து நின்ன? ஓ.டி. முடிச்சு நேரா வரேன்னு சொன்ன. அப்போ எப்ப அளந்த?"

யாக்கோபு கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அளந்தியா, இல்லியா?"

"இல்ல."

சந்திரம்மாள் அடுப்பை அணைத்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கம்பெனியில் எல்லோரும் செய்வதுதான், பிள்ளை மனசு உடைந்துவிடக்கூடாது என்றுதான் செய்தேன், இவ்வளவு தூரம் போகும் என்று யார் கண்டது என்று தணிந்த குரலில் அடுக்கிக்கொண்டே போனார். தேதி குழம்பிவிட்டது என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றும் சொன்னார். பாவம், நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கும் மாட்டிக்கொண்டால் இதுதான் முதலில் வாயில் வருகிறது.

"கம்பெனி ஷீட்டு ஆடிட்டர் பாக்கறதுக்கு. இத நம்ம புள்ள நம்பிகினு கீது" என்றாள் சந்திரம்மாள். "அது ஊரு விட்டு ஊரு போயி, பாஷ தெரியாத எடத்துல நின்னு, எங்கப்பா அளந்தாருன்னு சொல்லப் போவுது. நீயே சொல்லிடு. நான் சொன்னா அதுக்கு நீ இன்னொரு வாட்டி பொய் சொன்ன மாதிரி ஆவும்."

கூடத்தில் டீச்சர் நோட்டின் பக்கங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். யாக்கோபு வந்து எதிரில் உட்கார்ந்ததும் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டார் மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜாஸ்மின் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கையில் மஞ்சள் நோட்டீஸ். கூழ் ஊற்றியது ஆகஸ்ட் பதினான்கு. அப்படியானால் தூர் வாரியது ஏழுதான். பாப்பம்மாளுக்குத் தேதி மறக்கவில்லை.

ஆனால் பிள்ளையின் முகம் வாடவில்லை. வழியிலேயே யோசித்து விடையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"டீச்சர், ஒம்பதாம் நம்பரும் பத்தாம் நம்பரும் அடுத்தடுத்த வேலி. அப்பா பத்தாம் நம்பரையே ரெண்டு வாட்டி அளந்திருக்காரு. ரெண்டுத்துலயும் கிட்டக்கிட்ட ஒரே நம்பர் இருக்குது பாருங்க. அப்படித்தானேப்பா?"

எவ்வளவு அழகான வாசல் திறந்து வைத்துவிட்டாள்! ஒரே ஒரு ஆமாம் போதும். ஒரு கோடு போனால் போகிறது, மற்ற இரண்டு சிவப்புக் கோடும் நிற்கும். நாக்பூர் நிற்கும். அப்பாவும் நிற்பார்.

"ஆமாம்மா" என்றார் யாக்கோபு. "இருக்கும்."

சமையலறை வாசலில் சந்திரம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஜாஸ்மின் நிம்மதியாகத் தரையில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். ஒன்பதாம் கிணற்றின் கோட்டை அந்த மூன்று வாரத்துக்கு அழித்துவிடுகிறேன், ஏன் அழித்தேன் என்று கீழே எழுதிவிடுகிறேன் என்று டீச்சரிடம் சொன்னாள். ஒரு துண்டுத் தாளில் எழுதி, சரியாக இருக்கிறதா என்று வாசித்துக் காட்டினாள்.

"எந்தக் கிணறு எது என்று அப்பாவுக்கு நான் சரியாகக் காட்டித் தரவில்லை. இந்தத் தவறு என்னுடையது."

அதற்கு மேல் யாக்கோபுவால் முடியவில்லை.

"அப்படி எழுதாதம்மா."

"பரவால்லப்பா, என் தப்புதானே. நான்தான் கூட வந்து காட்டல."

"நான் போகவே இல்ல, ஜாஸ்மின்."

அவள் நிமிர்ந்தாள். புரியவில்லை.

"ஒம்பதாம் நம்பருக்கும் போகல, பத்தாம் நம்பருக்கும் போகல. எந்தக் கிணத்துக்கும் போகல. மூணு ஞாயிறும் கம்பெனில இருந்தேன். நம்பரு எல்லாம் நானா போட்டது."

டீச்சர் கண்களை மூடிக்கொண்டார். யாக்கோபு மகள் அழுவாள், அந்தச் சார்ட்டைக் கிழித்துப் போடுவாள், தன்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அவள் திட்டவில்லை. மூன்று சிவப்புக் கோடுகளையும் பார்த்தாள். ஆகஸ்ட் மாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள். மிச்சம் இருந்த கோடுகள் எல்லாம் ஒன்றுபோல இறங்கி, ஒன்றுபோல ஏறின. சிவப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசமே இல்லை.

"அப்போ ஒண்ணுமே இல்லியா டீச்சர்?" என்றாள்.

பதினேழு வாரத்து உழைப்பு இருக்கிறது, அது எங்கேயும் போகாது என்று டீச்சர் மெதுவாக ஆரம்பித்தார். ஆனால் திருச்சியில் பரிசு கொடுத்தது இந்த மூன்று கிணற்றுக்காகத்தான். ஹெச்.எம்.மிடம் சொன்னால் அவர் மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டிவரும், அவர்கள் அடுத்த இடத்தில் இருந்த பள்ளியை அனுப்பினாலும் அனுப்பலாம். சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு கணம் தயங்கினார்.

"இது இப்போதைக்கு நம்ம நாலு பேருக்குத்தான் தெரியும்..."

அந்த வாக்கியத்தை அவரே முடிக்கவில்லை. முடிக்காததற்காக வெட்கப்பட்டாரா, முடிக்க நினைத்ததற்காக வெட்கப்பட்டாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. எதுவாக இருந்தாலும் திங்கட்கிழமை காலை ஜாஸ்மினே முடிவு சொல்லட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

டீச்சர் போன பிறகு யாக்கோபு தரையில் மகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பதினான்கு வயதுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க எந்த வார்த்தையில் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஹெச்.எம்.மிடம் நானே வந்து சொல்கிறேன், யார் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், தப்பு என்னுடையது என்று எழுதியும் கொடுக்கிறேன் என்றார்.

ஜாஸ்மின் அதை எல்லாம் கேட்டாளா என்றே தெரியவில்லை. நோட்டை மடியில் வைத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருந்தாள். ஜூன், ஜூலை, செப்டம்பர். ஒவ்வொரு வரியையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"நோட்டு எப்பவும் அலமாரிலதான் இருக்கும். நான் ஸ்கூலுக்குப் போன நேரத்துல, வேற எதையாவது திருத்துனியா?"

அவள் கேட்டதில் கோபம் இல்லை, அழுகை இல்லை. கணக்குப் பார்ப்பதுபோல் கேட்டாள்.

"இல்லம்மா. சத்தியமா இல்ல. அந்த மூணு வரிதான். மத்தது எதையும் தொடல."

அது உண்மை. அன்று காலையிலிருந்து அவர் யோசிக்காமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

ஜாஸ்மின் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியில் இருந்த நோட்டை இன்னும் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, பென்சிலை எடுத்து, தானே அளந்து எழுதிய முதல் வரியின், ஜூன் ஐந்தாம் தேதியின் ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டாள்.